பறவைப் பெயர் பூண்ட தளங்கள்: தமிழகத்தில் இரண்டாம் உலகப்போர்க்கால விமானதளங்களின் எச்சங்கள்

முன்னுரை

தமிழக வரலாற்றாய்வில் கல்வெட்டுகள், செப்பேடுகள், நாணயங்கள், கோட்டைகள், கோயில்கள் ஆகியன முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் பொருட்சான்றுகளுக்கு அத்தகைய கவனம் கிட்டவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது தமிழகத்தில் அமைக்கப்பட்டுப் பின்னர்க் கைவிடப்பட்ட விமானதளங்கள் அவ்வாறு கவனம் பெறாதவற்றுள் குறிப்பிடத்தக்கவை. சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு ஆகிய ஊர்களை அடுத்துள்ள ஓடுபாதைகள் இவ்வகையைச் சார்ந்தவை. அரக்கோணம், தஞ்சாவூர், உச்சிப்புளி போன்ற ஊர்களின் தளங்கள் போருக்குப்பின் பல்லாண்டுகள் கழித்துப் புதுவாழ்வு பெற்றன. தாம்பரம், சூலூர், பீளமேடு ஆகியன பயன்பாட்டில் நிலைபெற்றன.

இத்தளங்களைப் பற்றிக் கிடைக்கும் செய்திகளுள் பெரும்பாலானவை படைப்பிரிவுகளையும் விமானங்களையும் குறித்தவை. அவற்றுக்காக நிலத்தை விட்டவர்கள் யாவர், கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் யாவர் என்னும் வினாக்களுக்கு அவற்றில் விடை காண்பது அரிது. நிலம், ஆவணம், பெயர் ஆகிய மூன்று வகைச் சான்றுகளையும் இணைத்து நோக்கினால் இவ்வெச்சங்கள் எவற்றைக் கூறுகின்றன, எவற்றைக் கூறாது விடுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1942: அச்சத்தின் ஆண்டு

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச்சு 8இல் இரங்கூனும், மார்ச்சு 23இல் அந்தமானும் அவர்கள் வசமாயின. அதுவரை பின்புலப் பகுதியாகக் கருதப்பட்ட சென்னை மாகாணக் கடற்கரை சில வாரங்களுக்குள் போர்முனையின் விளிம்பாயிற்று. ஏப்ரல் 5இல் கொழும்பும், 6இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9இல் திருகோணமலையும் வான்வழித் தாக்குதலுக்கு உள்ளாயின. ஏப்ரல் 9 அன்றே பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ‘எர்மீசு’ மட்டக்களப்புக் கடற்பகுதியில் மூழ்கடிக்கப்பட்டது.

இந்நிகழ்வுகள் சென்னை நகரில் ஏற்படுத்திய கலக்கம் பெரிது. இன்றியமையாப் பணியில்லாதோர் நகரை விட்டு வெளியேறுமாறு அரசு அறிவுறுத்தியது. அரசு அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. குண்டுவீச்சில் தப்பித் திரியக்கூடும் என்னும் அச்சத்தால் விலங்குக்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. பர்மாவிலிருந்து கால்நடையாகவும் கப்பல் வழியாகவும் தப்பிவந்த தமிழர்கள் கூறிய செய்திகள் அக்கலக்கத்தை மேலும் பெருக்கின. எதிர்பார்த்த பேரளவுத் தாக்குதல் சென்னை மீது நிகழவில்லை. 1943 அக்டோபரில் ஒற்றைச் சப்பானிய விமானம் நகரின் மீது சில குண்டுகளை வீசிச் சென்றதே குறிப்பிடத்தக்க நிகழ்வாகும்.

விமானதளங்களின் பெருக்கத்தை இப்பின்னணியில் வைத்தே காணவேண்டும். எனினும் அச்சம் மட்டுமே அவற்றுக்குக் காரணமன்று. 1942 சூனில் நிகழ்ந்த மிட்வே கடற்போருக்குப்பின் இந்தியப் பெருங்கடலில் சப்பானியக் கடற்படையின் அச்சுறுத்தல் குறைந்தது. ஆயினும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தளங்களின் விரிவாக்கம் நிற்கவில்லை. 1943இல் தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமை உருவாயிற்று. 1944 ஏப்ரலில் அதன் தலைமையிடம் கண்டிக்கு மாறியது. பர்மாவையும் மலாயாவையும் மீட்பதற்கான பின்தளமாகத் தென்னிந்தியாவும் இலங்கையும் கருதப்பட்டன. 1944 ஆகசுடில் திருகோணமலையின் சீனக்குடாத் தளத்திலிருந்து புறப்பட்ட அமெரிக்க பி-29 விமானங்கள் சுமத்திராவின் பலெம்பாங்கு எண்ணெய் ஆலைகளைத் தாக்கித் திரும்பின. தற்காப்புக்கெனத் தொடங்கிய பணி தாக்குதலுக்கான ஆயத்தமாக மாறியதை இது காட்டும். 1945 ஆகசுடில் சப்பான் சரணடைந்தபோது அவ்வாயத்தத்தின் தேவை ஒரேயடியாக மறைந்தது. தமிழகத் தளங்கள் பல கைவிடப்பட்டமைக்கு இத்திடீர் முடிவே முதற்காரணம் எனலாம்.

நிலமும் சட்டமும்

ஓர் ஓடுபாதைக்குச் சமதளமான, நீர் தேங்காத, நீண்ட நிலம் வேண்டும். அணுகுவழியில் குன்றுகள் இருத்தல் கூடாது. கல்லும் சீமைக்காரையும் கொண்டுவர இருப்புப்பாதையோ நெடுஞ்சாலையோ அருகில் இருத்தல் நன்று. சென்னைக்கு வடக்கே பெருஞ்சாலையை ஒட்டிய சோழவரமும், திருநெல்வேலி நெடுஞ்சாலையை ஒட்டிய கயத்தாறும், திருச்சிராப்பள்ளிச் சாலையிலுள்ள உளுந்தூர்ப்பேட்டையும் இவ்வியல்புகளைக் கொண்டவை. கயத்தாறு 1799 அக்டோபர் 16இல் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் என்ற வகையில் அனைவரும் அறிந்தது. அவ்வூரின் போர்க்கால ஓடுபாதையை அறிந்தோர் சிலரே. ஒரே ஊரில் ஒரு நிகழ்வு நினைவுச்சின்னமாகவும் மற்றொன்று புதர்மண்டிய வெளியாகவும் நிற்பது வரலாற்று நினைவின் தேர்வுத்தன்மையைக் காட்டுகிறது.

நிலத்தைப் பெறுவதற்குப் போர்க்கால அரசிடம் வலிமை மிக்க கருவியொன்று இருந்தது. 1939ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புச் சட்டமும் அதன்கீழ் இயற்றப்பட்ட விதிகளும் எந்த அசையாச் சொத்தையும் போர்த்தேவைக்கென அரசு தன்வயப்படுத்திக்கொள்ள இடமளித்தன. விதி 75அ இதற்கெனவே அமைந்தது. இழப்பீட்டுக்குச் சட்டத்தின் 19ஆம் பிரிவு வழிவகுத்தது. வழக்கமான நில எடுப்பில் உள்ள நீண்ட அறிவிப்பு முறைகள் இதில் இல்லை. போர் முடிந்து அச்சட்டம் காலாவதியானபின்னும் தன்வயப்படுத்திய நிலங்களை அரசு தொடர்ந்து வைத்துக்கொள்வதற்கு 1947இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அதனைத் தொடர்ந்து 1952இல் அசையாச் சொத்துகளைத் தன்வயப்படுத்தலுக்கும் எடுத்தலுக்குமான சட்டம் வந்தது. போர்க்காலத்திற்கெனத் தற்காலிகமாகப் பெறப்பட்ட நிலம் நிலையான அரசுடைமையாக மாறுவதற்கு இச்சட்டத் தொடர் இடமளித்தது. தமிழகத் தளங்களில் எவ்வெந்நிலம் இவ்வழியில் பெறப்பட்டது, எது முன்னரே புறம்போக்காக இருந்தது என்பதை ஊர்தோறும் தனித்தனியே ஆவணங்களைக் கொண்டு நிறுவவேண்டும்.

இதற்கான சான்றுகள் பாதுகாப்புத் துறையின் கோப்புகளில் மட்டும் இல்லை. கிராமத்தின் ‘அ’ பதிவேடு, நிலவரித்திட்டப் பதிவேடுகள், புலப்படங்கள் ஆகியவற்றிலும் அவை பொதிந்துள்ளன. ஒரு புல எண் பட்டா நிலம் என்னும் வகைப்பாட்டிலிருந்து எந்த ஆண்டில் மாறியது, அதன்முன் யார் பெயரில் இருந்தது என்பனவற்றை ஒப்பிட்டு அறியலாம். இக்கணக்குகளை நன்கறிந்த கர்ணங்களும் மணியக்காரர்களும் 1980இல் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது பணியிலிருந்து நீங்கினர். நிர்வாக அளவில் அது சீர்திருத்தமே. ஆயினும் ஏட்டில் ஏறாத நிலச்செய்திகளை நினைவில் வைத்திருந்த ஒரு தலைமுறையின் அறிவு அத்துடன் சிதறியது என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

எச்சங்களை இனங்காணல்

கைவிடப்பட்ட தளம் என்றவுடன் ஓடுபாதை மட்டுமே நினைவுக்கு வரும். போர்க்காலத் தளம் பல உறுப்புகளைக் கொண்டது. ஓடுபாதையிலிருந்து கிளைக்கும் இணைப்பு வழிகள், அவற்றின் முனைகளில் விமானங்களைப் பிரித்து நிறுத்துவதற்கான தனித்தனித் திடல்கள், குண்டுச் சிதறல்களைத் தடுக்க மூன்று புறமும் எழுப்பப்பட்ட மண்கரைகள் ஆகியன அவற்றுள் அடங்கும். வெடிபொருள் கிடங்கு குடியிருப்புகளுக்கு எட்டத்தில் அமையும். எரிபொருள் தொட்டிகள், படைவீரர் குடியிருப்புகள், கிணறுகள், வடிகால்கள் ஆகியன பரந்த பரப்பில் சிதறிக் கிடக்கும். ஒரே குண்டுவீச்சில் அனைத்தும் அழியாதிருக்கவேண்டும் என்னும் நோக்கமே இச்சிதறலுக்குக் காரணம்.

இவ்வமைப்பை அறியாதவருக்கு வயலின் நடுவேயுள்ள வளைந்த மண்மேடு பழைய ஏரிக்கரையாகவும், புதரிடையேயுள்ள சீமைக்காரைத் தளம் ஏதோவொரு வீட்டின் அடித்தளமாகவும் தோன்றக்கூடும். நிலத்தில் நின்று காண்பதைவிட வானிலிருந்து எடுத்த படங்களில் இவற்றின் ஒழுங்கு தெளிவாகப் புலப்படும். மண்ணால் மூடப்பட்ட இணைப்பு வழியின் மேலுள்ள பயிர் வேர் ஊன்ற இடமின்றி வெளிறிக் காணப்படுவதுண்டு. கரிகாலத்துக் குடியிருப்புகளைத் தேடும் தொல்லியலாளர் கையாளும் அதே அடையாளமுறை இங்கும் பயன்படும்.

எச்சங்கள் கூறாத செய்தியும் உண்டு. போர்க்கால இந்தியாவில் விமானதளப் பணி பெரிதும் மனித உழைப்பால் நிகழ்ந்தது. இயந்திரங்கள் குறைவாக இருந்தமையால் ஆடவரும் பெண்டிரும் கூடைகளில் கல்லும் மண்ணும் சுமந்து ஓடுபாதைகளை உருவாக்கினர். ஒப்பந்தக்காரர்வழி அமர்த்தப்பட்ட அத்தொழிலாளருக்குப் படைப்பிரிவுகளுக்கு இருப்பதுபோன்ற நாட்குறிப்புகள் இல்லை. உறைந்த சீமைக்காரையே அவர்தம் உழைப்புக்கு எஞ்சிய சான்றாகும். அது பெயர் எதையும் தாங்கி நிற்கவில்லை.

சோழவரம்: ஒரு தளத்தின் இருவேறு வாழ்வுகள்

சோழவரம் தளம் சென்னையின் வான்பாதுகாப்புக்கும் வங்கக் கடல் நடவடிக்கைகளுக்கும் ஏற்ற இடத்தில் அமைந்தது. 1944இல் பிரித்தானிய வான்படையின் 27ஆம், 47ஆம் படைப்பிரிவுகள் ‘போஃபைட்டர்’ விமானங்களுடன் இங்கு இருந்தன. கப்பல்களைத் தாக்கும் பணிக்கென அவை ஆயத்தம் செய்யப்பட்டன. 47ஆம் பிரிவு அவ்வாண்டின் பிற்பகுதியில் ‘மொசுகிட்டோ’ என்னும் மரத்தாலான விமானங்களுக்கு மாறியபோது எதிர்பாராத இடர் நேர்ந்தது. வெப்பமும் ஈரமும் மிக்க தட்பவெப்பத்தில் அவ்விமானங்களின் ஒட்டுகள் நெகிழ்ந்து கட்டமைப்புக் குறைகள் தோன்றவே, அவற்றின் பயன்பாடு நிறுத்தப்பட்டது. ஐரோப்பியப் போர்முனையில் புகழ்பெற்ற கருவி இந்நிலத்தின் தட்பவெப்பத்திற்கு ஈடுகொடுக்கவில்லை என்பது போர்வரலாற்றில் குறிக்கத்தக்க செய்தியாகும்.

போருக்குப்பின் இத்தளம் வேறொரு வகையில் பெயர்பெற்றது. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் சோழவரத்தின் ஓடுபாதைகளைப் பந்தயச் சுற்றாகப் பயன்படுத்தியது. ஆண்டுதோறும் நிகழ்ந்த மகிழுந்து, விசையுந்துப் பந்தயங்களைக் காணப் பெருந்திரளான மக்கள் கூடினர். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போட்டியாளர்கள் வந்தனர். 1990இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கெனவே ஓடுதளம் அமைந்தபின் சோழவரத்தின் அவ்வாழ்வும் முடிவுற்றது.

இதனால் பெறப்படும் கருத்து ஒன்றுண்டு. சோழவரத்தின் பெயர் போரால் நிலைக்கவில்லை, பந்தயத்தால் நிலைத்தது. போர்க்காலத்தில் அத்தளம் சில ஆண்டுகளே இயங்கிற்று. பந்தயத்திடலாகவோ ஏறத்தாழ ஒரு தலைமுறைக்கு மேல் விளங்கிற்று. எனவே அந்நிலத்தின் எச்சங்களை ஆராய்வோர் போர்க்கால அடுக்கையும் அதன்மேல் படிந்த பந்தயக்கால அடுக்கையும் பிரித்தறிதல் வேண்டும்.

பறவைப் பெயர்கள்

இத்தளங்கள் தமிழாய்வுக்கு நேரடியாகத் தரும் கொடை அவற்றின் பெயர்களில் உள்ளது. பிரித்தானியக் கடற்படை தன் கரைத்தளங்களையும் கப்பல்களாகவே கருதி, கப்பலுக்குரிய முன்னொட்டுடன் பெயரிடும் மரபுடையது. கடற்படை விமானதளங்களுக்குப் பறவைப் பெயர்களை இடுவது அம்மரபின் ஒரு கூறு. இந்தியாவிலும் இலங்கையிலும் அமைந்த தளங்களுக்கு ஆங்கிலப் பறவைப் பெயர்களை விடுத்து இந்நிலத்து மொழிகளின் பெயர்களையே தேர்ந்தனர்.

கோயம்புத்தூரில் அமைந்த கடற்படை விமானப் பழுதுபார்ப்புத் தளம் ‘கருடா’ எனப்பட்டது. சூலூர்த் தளம் ‘வைரி’ எனவும், தாம்பரத் தளம் ‘வல்லூறு’ எனவும் பெயர் பெற்றன. இலங்கையில் புத்தளம் ‘இராசாலிய’, கட்டுக்குருந்தை ‘உக்குசா’, கொழும்புக் குதிரைப்பந்தயத் திடல் ‘பேருண்டா’, மகரகமை ‘மொனரா’ என்றாயின. இராசாலிய, உக்குசா ஆகியன சிங்களத்தில் கழுகு, பருந்தினங்களையும், மொனரா மயிலையும் குறிப்பன. பேருண்டம் தென்னகச் சிற்பங்களில் காணப்படும் இருதலைப் பறவை. திருகோணமலைத் தளத்தின் ‘பம்பரா’ மட்டும் பறவையன்று. அது சிங்களத்தில் பெருந்தேனீயைக் குறிக்கும்.

இவற்றுள் வல்லூறும் வைரியும் தமிழில் வேட்டைப் பறவைகளைக் குறிக்கும் சொற்கள். வைரி என்பது பகைவனையும் குறிக்கும் இருபொருட் சொல்லாதலின், போர்க்காலத் தளத்திற்கு அது பொருத்தமுறவும் முரணுறவும் நிற்கிறது. இலங்கைத் தளங்களுக்குச் சிங்களப் பெயர்களும் தமிழகத் தளங்கள் இரண்டனுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களும் இடப்பட்டமை நோக்க, தேர்ந்தோர் வட்டார மொழியறிந்தோரைக் கலந்தே செய்தனர் எனக் கருதலாம்.

கோயம்புத்தூர் இப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு அதன் நில அமைப்பே காரணமாகலாம். அது கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியது. மலைத்தொடரின் இடைவெளியான பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போத்தனூரிலிருந்து கொச்சித் துறைமுகத்திற்கு இருப்புப்பாதைத் தொடர்பு இருந்தது. 1932இல் திறக்கப்பட்ட பொள்ளாச்சி-பாலக்காடு பாதையும் கோவிந்தாபுரம் எல்லையை அடுத்த முதலமடை வழியாகக் கணவாயைக் கடந்தது. பஞ்சாலைகளைச் சார்ந்து வளர்ந்த இயந்திரப் பட்டறைகளும் தேர்ந்த தொழிலாளரும் கோயம்புத்தூரில் இருந்தனர்.

விடுதலைக்குப்பின் பிரித்தானியப் பெயர் முன்னொட்டு நீங்கிற்று. பறவைப் பெயர் மரபு நீங்கவில்லை. 1953 மே 11இல் கொச்சியில் தொடங்கப்பெற்ற இந்தியக் கடற்படையின் முதல் விமானதளம் ‘கருடா’ என்றே பெயர் பெற்றது. கோயம்புத்தூரில் வழங்கிய பெயர் கணவாயின் மறுபுறம் கடற்கரையில் மீண்டும் ஒலித்தது. அரக்கோணத்தின் போர்க்காலத் தளம் 1992 மார்ச்சு 11இல் ‘இராசாளி’ என்னும் பெயருடன் கடற்படைத் தளமாயிற்று. புத்தளத்தின் பழைய பெயர் இதனோடு ஒத்திருத்தல் காண்க. உச்சிப்புளித் தளம் 2009இல் ‘பருந்து’ என்னும் தூய தமிழ்ப்பெயர் பெற்றது. நிலம் மாறினும், ஆட்சி மாறினும் பெயர்மரபு தொடர்ந்துள்ளது. படையினர் பெயர் இவ்வாறு நிலைக்க, அத்தளங்களுக்குள் அடங்கிய புலங்களின் பழைய பெயர்கள் வழக்கொழிந்தன. ஒவ்வொரு கொல்லைக்கும் குளத்திற்கும் மேட்டிற்கும் ஊரார் இட்டு வழங்கிய அப்பெயர்களைத் தொகுத்தல் இடப்பெயராய்வின் உடனடிக் கடமையாகும்.

கொக்கலையும் பலாலியும்

இழந்த ஊரின் நினைவு எவ்வாறு காக்கப்படலாம் என்பதற்கு இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கலை சான்றாகும். 1942 ஏப்ரல் 4இல் சப்பானியக் கப்பற்படையை முதலில் கண்டு எச்சரித்த விமானம் புறப்பட்டது கொக்கலையிலிருந்தே. 1943 முதல் ஆத்திரேலியாவின் பெர்த்து நகருக்குப் பகலிரவாய்ப் பறந்த குவாண்டாசு நீர்விமானச் சேவைக்கும் அதுவே முனையம். இத்தளத்திற்காக அங்கிருந்த சிற்றூர்மக்கள் குறுகிய காலத்தில் வெளியேற்றப்பட்டனர். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் பிறந்தகம் அவ்வூரில்தான் இருந்தது. சூழவிருந்த ஊர் அழிந்தும் அவ்வீடு தப்பி, பிற்காலத்தில் அருங்காட்சியகமாயிற்று. அவ்வூரின் வாழ்வை அவர் தம் எழுத்தில் பதிந்து வைத்தமையால், ஓடுபாதையின்கீழ் எத்தகைய ஊர் இருந்தது என்பதை இன்றும் அறியமுடிகிறது.

பலாலியின் நிலை வேறு. பிரித்தானிய வான்படை போர்க்காலத்தில் அமைத்த அத்தளம் கைவிடப்படவில்லை. 1947 டிசம்பர் 10இல் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதற்பயணம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நிகழ்ந்தபோது இடைத்தளமாக விளங்கியது பலாலியே. உள்நாட்டுப் போரில் அது படைத்தளமாக விரிந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அவர்களது வயல்களும் வீடுகளும் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. 2009இல் போர் முடிந்தபின் நிலம் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டது. 2019 அக்டோபர் 17இல் யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையமாக அது திறக்கப்பட்டது. ஒரு போருக்கென வகுத்த எல்லை மற்றொரு போருக்கு அடித்தளமாயிற்று. தமிழகத்தில் தளம் கைவிடப்பட்டு நிலம் பயனின்றிக் கிடந்தது. பலாலியில் தளம் கைவிடப்படாமையால் ஊர்கள் வெறிச்சோடின. இரண்டும் ஒரே வினையின் இருவேறு விளைவுகள்.

தமிழ்ப் படைப்பிலக்கியம் இரண்டாம் உலகப்போரைப் பெரிதும் கடல்கடந்த நிலங்களில் வைத்தே கண்டது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ அதன் உச்சம். தாயகத்தில் ஏர் பூட்டிய நிலத்தில் விமானம் இறங்கிய அனுபவத்திற்கு அத்தகைய பேரிலக்கியப் பதிவு வாய்க்கவில்லை.

முடிவுரை

போர்க்கால விமானதளங்கள் மூவகைச் சான்றுகளை விட்டுச் சென்றுள்ளன. நிலத்திலுள்ள சான்று வேளாண்மை, குடியிருப்பு, சாலை விரிவாக்கம் ஆகியவற்றால் குறைந்து வருகிறது. பழைய ஓடுபாதைகளை மீண்டும் விமான நிலையங்களாக்கும் முயற்சிகள் வெற்றி பெறுமிடத்தும் முதலில் அகற்றப்படுவது பழைய சீமைக்காரையே. தஞ்சாவூர், அரக்கோணம் போன்ற தளங்கள் புதுப்பயன் பெற்றமையால் வாழ்கின்றன. ஆயினும் அங்கும் வாழ்வது தளமேயன்றி 1942ஆம் ஆண்டின் எச்சமன்று.

சட்டமும் இவற்றுக்குத் துணையாக இல்லை. 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் மற்றும் தொல்லியல் இடங்கள் சட்டம் நூறாண்டுக்குக் குறையாத பழைமையை வேண்டுகிறது. 1942இல் எழுந்த மண்கரை 2042இல்தான் அத்தகுதியை எய்தும். அதுவரை அதனைக் காக்கும் பொறுப்பு எவர்க்கும் உரியதாக வகுக்கப்படவில்லை.

நினைவோ அதற்குமுன் மறையும். 1942இல் பத்து வயதினராக இருந்தோர் இன்று தொண்ணூற்றைக் கடந்தவர்கள். அவர்களிடமிருந்து தொகுக்கப்பெறும் ஒரு புலப்பெயரும், கூலிக்கணக்கும், ஊர் பெயர்ந்த வழியும் எந்தப் படைக்கோப்பிலும் கிடைக்காதவை. சோழவரம், கயத்தாறு, உளுந்தூர்ப்பேட்டை, செட்டிநாடு ஆகிய தளங்களைச் சுற்றியுள்ள ஊர்களில் வாய்மொழிச் சான்றுகளையும் கிராமக் கணக்குகளையும் ஒருங்கே தொகுக்கும் களப்பணி உடனே தொடங்கப்பெறுதல் வேண்டும். கருடனும் வல்லூறும் வைரியும் ஆவணங்களில் நிலைத்துவிட்டன. அப்பறவைகள் இறங்குவதற்கு நிலம் விட்டவர்களின் பெயர்களும் கல் சுமந்தவர்களின் பெயர்களும் இன்னும் எழுதப்படவில்லை.